மே மாதம் ஊருக்குப் போகிறவர்கள் ஒரு டேப்பும் பெயின்ட் டப்பாவும் எடுத்துப் போகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. அதனால் மார்ச் மாதக் காலை நேரங்களில் தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர் வீடுகளில் எல்லாருடைய கண்ணும் கைபேசியில்தான் இருக்கும். தாதர்–திருநெல்வேலி வண்டியிலோ நாகர்கோவில் வண்டியிலோ இடம் கிடைத்துவிட்டால், அடுத்த பேச்சு அம்மன் கோயில் கொடை, கல்யாணம், காதுகுத்து. அந்தப் பட்டியலில் இன்னொரு வேலையையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லவே இந்தக் கடிதம். தாமிரபரணிக் கரையிலும் அதன் பாசனக் குளங்களுக்குக் கீழேயும் இருக்கும் ஊர் வீட்டை, வரும் ஐப்பசி பிறக்கும் முன்பே வெள்ளத்துக்குத் தயார் செய்துவிட்டுத் திரும்புங்கள். இரண்டு பகல் வேலை. செலவு அதிகமில்லை.

"அதை அப்போது போனில் சொல்லிக்கொள்ளலாமே" என்று நினைப்போம். அங்கேதான் கணக்குத் தப்புகிறது. வெள்ளத்தில் முதலில் போவது மின்சாரம். அடுத்தது கைபேசிக் கோபுரம். கோபுரத்தின் பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும். பிறகு டீசல் ஊற்ற ஆள் போக வேண்டும். சாலையில் தண்ணீர் நிற்கும்போது யார் போவது? 2023 டிசம்பரில் ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கத்து ஊர்களில் பெற்றோரை வைத்திருந்த மும்பைக்காரர்கள் நாள்கணக்கில் ஒரு குரல்கூடக் கேட்காமல் தவித்தார்கள். ஜி.பே.யில் பணம் அனுப்பலாம், அங்கே அதை எடுக்க முடியாது. ஆகவே ஊர் வீட்டில் முதல் மூன்று நாளுக்கு வேண்டியதெல்லாம், மும்பையிலிருந்து ஒரு சொல்லும் போய்ச் சேராது என்ற கணக்கில் இருக்க வேண்டும்.

மும்பைக்கு வெள்ளம் புதிதல்ல. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. கொட்டியது, அதே நாளில் கொலாபாவில் 73 மி.மீ.தான். 2023 டிசம்பர் 18 காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பெய்தது. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் வெள்ளத்தின் குணம் வேறு. மும்பையில் மழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் வடிகால்களின் வாய் அடைபடும்; ஏற்றம் இறங்கியதும் தண்ணீரும் இறங்கத் தொடங்கும். இங்கே பழகியவருக்கு "இன்னும் ஆறு மணி நேரம் பொறுத்தால் போதும்" என்று தோன்றும். தாமிரபரணிச் சமவெளியில் அந்த யோசனை ஆபத்தானது. அங்கே மழை நின்ற பிறகும் தண்ணீர் ஏறும். மலைமேல் பெய்தது ஆற்றில் இறங்கி வரவும், மேல்குளம் உடைந்து கீழ்க்குளத்தை நிரப்பவும் நேரம் எடுக்கும். வயல் வழியே பரவிய தண்ணீர் வடிய நாள்கள் ஆகும். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்திலேயே நின்று, சுமார் 800 பயணிகள் சிக்கி, கடைசி ஆளை மீட்க டிசம்பர் 19 ஆனதை மறந்திருக்க மாட்டோம்.

அந்த மழைக்குப் புயல் என்று பெயர்கூட இல்லை. குமரிக்கடல் பகுதியில் நிலவிய மேலடுக்குச் சுழற்சிதான் காரணம். பெயர் வைத்த புயல் வந்தால்தான் பயம் என்று காத்திருப்பவர்களுக்கு இது ஒரு பாடம். எச்சரிக்கைச் சொற்களிலும் ஒரு சிக்கல் உண்டு. வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் 7 முதல் 11 செ.மீ. கனமழை, 12 முதல் 20 மிக கனமழை, 21-ஐத் தொட்டால் அதி கனமழை. செ.மீ. வரம்பு வைத்த சொல் அதற்கு மேல் கிடையாது. 21 செ.மீ.க்கும் 95 செ.மீ.க்கும் ஒரே பெயர்தான். ஆகவே "அதி கனமழை, சிவப்பு எச்சரிக்கை" என்று வந்தால் அதன் உச்சி எங்கே என்று அந்த வார்த்தை சொல்வதில்லை. மஞ்சளுக்குச் செய்தியைக் கவனிக்க வேண்டும்; ஆரஞ்சுக்குத் தயாராக வேண்டும்; சிவப்புக்குச் செயலில் இறங்க வேண்டும். நம் ஊரில் இந்த நிறங்களைப் பள்ளிக்கூடம் லீவா இல்லையா என்று பார்க்கத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறோம். வீட்டுக்கணக்கில் வேலையெல்லாம் ஆரஞ்சிலேயே முடிந்திருக்க வேண்டும். சிவப்பு வந்த பிறகு ஆள் நகர்வது ஒன்றுதான் மிச்சமிருக்கலாம்.

இனி மே மாத வேலைக்கு வருவோம். முதல் காலையில் குளத்தைப் பாருங்கள். கோடையில் தண்ணீர் குறைந்து கரை முழுதும் தெரியும். உங்கள் ஊருக்கு மேலே எந்தக் குளம், குளம் நிரம்பினால் உபரி நீர் வழியும் மறுகால் எந்த ஓடை வழியாகப் போகிறது, அந்த ஓடையில் யார் வேலி போட்டிருக்கிறார்கள் என்று ஒரு சுற்று நடந்தாலே தெரிந்துவிடும். சில சமயம் அது நம் சித்தப்பாவாகவே இருப்பார். அதற்கான பேச்சு வேறு. மண்கரை இரண்டு விதமாக உடையும். மறுகால் தாங்காத அளவு நீர் வந்து கரை மேல் வழிந்தால், வெளிச்சரிவு அரித்துக்கொண்டே உள்ளே வரும். ஒரு மணி நேரத்தில் வாய் பெரிதாகிவிடும். இன்னொரு விதம் கண்ணுக்குத் தெரியாதது. எலி வளை, நண்டு வளை, வெட்டிப் போட்ட சீமைக்கருவேலத்தின் மட்கிய வேர், மடைக் கட்டுமானத்தை ஒட்டி மண் இறுகாத இடம் ஆகியவற்றின் வழியே நீர் ஊடுருவி, மண்ணைத் துளித்துளியாக வெளியே கொண்டுவரும்.

கரையின் வெளி அடிவாரத்தில் கசிவு இருந்தால் ஒரு சொம்பில் பிடித்துப் பார்க்க வேண்டும். தெளிவாக இருந்தால் கண்காணித்தால் போதும். கலங்கலாக இருந்தால் கரை உள்ளுக்குள் கரைகிறது என்று அர்த்தம். அந்த வாயைச் சாக்கு வைத்தோ களிமண் அப்பியோ அடைப்பதுதான் எல்லா ஊரிலும் முதலில் செய்கிற தவறு. அடைத்தால் அழுத்தம் பக்கத்தில் இன்னொரு வாயைத் திறக்கும். கசியும் இடத்தைச் சுற்றி மணல் மூட்டையால் கிணற்று உறை மாதிரி வட்டமாகக் கட்டி, உள்ளே நீர் தேங்கி உயர விட வேண்டும். உயரும் நீரின் எதிரழுத்தம் ஓட்டத்தைத் தணிக்கும். மண் வெளியேறுவது நிற்கும். தெளிந்த நீர் கசிந்தால் கசியட்டும். மூட்டையைப் பாதிக்குச் சற்று மேல் மட்டும் நிரப்பி, வாயை மடித்துப் போட்டு, செங்கல் வரிசை போல இணைப்பு மாற்றி அடுக்கி மிதிக்க வேண்டும். முழுக்க நிரப்பிய மூட்டை உருண்டை பிடித்துவிடும். இடுக்கு வழியாகத் தண்ணீர் வரும். இதெல்லாம் ஊர் இளைஞர்களும் நீர்வளத் துறையும் செய்ய வேண்டியது, வீட்டில் இருக்கும் தாத்தா ஆச்சி செய்ய வேண்டியதல்ல. ஆனால் கரையில் கண்ட வளைகளைப் படம் எடுத்து, மே 1 கிராம சபையில் எழுத்தில் கொடுப்பதற்கு லீவில் வந்தவர்களை விட்டால் ஆள் கிடையாது. தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

அடுத்தது டேப்பும் பெயின்ட்டும். 2023 வெள்ளம் சுவரில் விட்ட கறை பல வீடுகளில் இன்னும் தெரிகிறது. வெள்ளையடித்த வீடுகளில் பெரியவர்கள் கையைக் காட்டிச் சொல்வார்கள். 1992 நவம்பர் வெள்ளத்தை நினைவு வைத்திருப்பவர்களும் உண்டு. இரண்டில் எது உயரமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். தார்சாவிலும் அடுக்களையிலும் தரையிலிருந்து அளந்து, அந்த உயரத்தில் ஒரு சிவப்புக் கோடு போடுங்கள். அதற்கு ஓர் அடி மேலே இன்னொரு கோடு. வீட்டில் நனையக்கூடாத எதுவும் மேல்கோட்டுக்குக் கீழே இருக்கக்கூடாது என்பதுதான் விதி. கோடு போட்ட பிறகு வீட்டை ஒரு சுற்றுப் பாருங்கள். மெயின் சுவிட்ச் பெட்டி, மீட்டர், பிளக் பாயின்ட், இன்வெர்ட்டர், அரிசி மூட்டை, பீரோவின் கீழ்த்தட்டில் இருக்கும் பத்திரங்கள் என்று பாதிக்கு மேல் கோட்டுக்குக் கீழேதான் இருக்கும்.

இன்வெர்ட்டர் பேட்டரியை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும். தண்ணீர் வாசலுக்கு வரும் இரவில் எழுபது வயது அப்பா அதைத் தூக்க முடியாது. இப்போதே சுவரில் இரும்பு ஸ்டாண்ட் அடித்து மேலே ஏற்றிவிடுங்கள். ஒயரிங்கில், மின்கசிவு ஏற்பட்டால் தானாகவே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் ஒன்று போடச் சொல்லுங்கள். இருந்தால் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். வாங்கிய நாளிலிருந்து அழுத்தப்படாத பட்டன்கள் ஏராளம். கீழ்ப் பிளக்குகளுக்குத் தனி சர்க்யூட் பிரித்துவிட்டால், தண்ணீர் உள்ளே வரும்போது அதை மட்டும் அணைத்து மேலே விளக்கு எரிய விடலாம். அப்படிப் பிரிக்காத வீட்டில் மெயினை அணைப்பதற்கான நேரம், தண்ணீர் படிக்கட்டைத் தொடும் நேரம். பிளக்கைத் தொட்ட பிறகு ஈரக்காலோடு பெட்டிக்குப் போகக்கூடாது. வெள்ளம் வடிந்த பின் எலக்ட்ரீசியன் மெக்கர் என்ற கருவி வைத்து ஒயர்களின் இன்சுலேஷன் பார்க்கும் வரை மெயினைப் போடாதீர்கள். சுவிட்ச் பெட்டிக்குள் சேறு தங்கியிருக்கும். வெளியே பார்த்தால் காய்ந்தது போலவே தெரியும். தமிழ்நாட்டு மின் புகார் எண் 94987 94987. அதைச் சுவரில் எழுதி வையுங்கள்.

சமையல் வாயு சிலிண்டர் இரும்புதானே, கிடந்த இடத்தில் கிடக்கும் என்று நினைக்கிறோம். 14.2 கிலோ சிலிண்டர் நிரம்பியிருந்தாலும் மொத்த எடை சுமார் 30 கிலோ; ஆனால் அது அடைத்துக்கொள்ளும் இடம் 35 லிட்டர் தண்ணீருக்குச் சமம். அதனால் நிரம்பியதும் மிதக்கும், காலியும் மிதக்கும். மிதந்து குழாயை இழுத்துப் பிடுங்கினால் வாயு கசியும். ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு, நிமிர்ந்த நிலையில் ஜன்னல் கம்பியோடு கயிற்றால் கட்ட வேண்டும். அதற்கான கயிறு இப்போதே அந்தக் கம்பியில் தொங்கட்டும்.

இதே மிதப்புக் கணக்குதான் தரைக்கடியில் இருக்கும் சம்ப் தொட்டிக்கும். 10,000 லிட்டர் தொட்டி காலியாக இருந்து, சுற்றிலும் மண் மேல்வரை ஊறிவிட்டால், கீழிருந்து 10 டன்னுக்கு மேல் விசை தள்ளும். தொட்டியின் அடித்தளம் விரியும், பிளாஸ்டிக் தொட்டி என்றால் தரையைப் பிளந்து வெளியே வரும். "மழை வருகிறது, சம்பைக் காலி செய்து கழுவி வைப்போம்" என்று செய்வது இதனால்தான் விபரீதம். ஆரஞ்சு எச்சரிக்கை வந்ததும் சம்பையும் மாடித் தொட்டியையும் விளிம்புவரை நிரப்ப வேண்டும். மாடித் தொட்டி காலியாக இருந்தால் காற்று தூக்கிவிடும். 1,000 லிட்டர் தண்ணீர் உள்ளே இருந்தால் ஒரு டன், அசையாது. சம்ப் மூடி தரை மட்டத்தில் இருந்தால் அதைச் சுற்றி ஓர் அடிக்குக் கட்டி உயர்த்தச் சொல்லுங்கள். கொத்தனாருக்கு அரை நாள் வேலை. செப்டிக் டேங்கையும் வெள்ளத்துக்கு முன்னோ வெள்ளத்தின்போதோ காலி செய்யக்கூடாது. கழிப்பறைப் பீங்கான் வழியே கழிவு மேலே வருவதைத் தடுக்க, கெட்டியான பிளாஸ்டிக் பையில் 15 கிலோ மணல் கட்டி அதன் வாயில் வைத்துவிட வேண்டும்.

வாசலில் மணல் மூட்டை அடுக்குவது எல்லாருக்கும் தெரிந்தது. அடியில் தார்ப்பாலின் விரித்து, மூன்றடி வாசலுக்கு இரண்டு மூட்டை வீதம் இரட்டை வரிசையில் மூன்று அடுக்கு, மொத்தம் 12 மூட்டை. ஓர் அடித் தண்ணீரை இது தடுக்கும். அதோடு நிறுத்துவதுதான் புத்தி. வெளியே மூன்றடி நீர் நிற்கும்போது சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் சுமார் 400 கிலோ தள்ளும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் அதற்காகக் கட்டியதல்ல. தண்ணீர் மூன்றடியை நெருங்கினால் கதவைத் திறந்து உள்ளே வர விடுங்கள். இரு பக்கமும் சமமானால் சுவர் நிற்கும், சாமான் மட்டும் நனையும். மண் சுவர் வீட்டுக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. ஒரு பகலும் இரவும் விடாமல் ஊறினாலே அடிமண் குழைந்து விழும். அதில் யாரும் அன்றிரவு படுக்கக்கூடாது. பக்கத்துக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டியும் படுக்கக்கூடாது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அதிகாலை வீடுகள் மேல் சுவர் விழுந்து 17 பேர் இறந்தார்கள். சுவரின் மறுபுறம் மண்ணோ நீரோ தேங்கியிருந்தால், கசிவுத் துளைகள் இருக்கின்றனவா என்று மே மாதமே பார்த்துவிடலாம்.

குடிநீருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் வைத்தால் நான்கு பேருக்கு மூன்று நாளுக்கு 36 லிட்டர். 20 லிட்டர் கேன் இரண்டு, மேல்கோட்டுக்கு மேலே. ஆர்.ஓ. கருவி மின்சாரம் இல்லாமல் ஓர் அலங்காரப் பொருள். அதை நம்பிக் கேன் வாங்காமல் விட்டவர்கள் உண்டு. குளோரின் மாத்திரை ஒரு டப்பா வாங்கி வையுங்கள், 0.5 கிராம் மாத்திரை ஒன்று பொதுவாக 20 லிட்டருக்கு, ஆனால் வகைக்கு வகை மாறும் என்பதால் அட்டையைப் படியுங்கள். கலங்கிய தண்ணீரில் மாத்திரை வேலை செய்யாது. வேட்டியை நான்காக மடித்து வடிகட்டி, தெளிய விட்டு, அதன் பிறகு மாத்திரை, அதன் பிறகு அரை மணி நேரம்.

வெள்ளம் புகுந்த கிணற்றில்தான் அவசரம் அதிகமான தவறைச் செய்விக்கிறது. தண்ணீர் வடிந்த மறுநாளே மோட்டார் வைத்துக் கிணற்றை வற்றவிடுவார்கள். சுற்றுமண் இன்னும் ஊறியிருக்கும். உள்ளே நீர் இல்லாததால் உறையும் கட்டுச்சுவரும் உள்நோக்கிச் சரியும். நிலத்தடி நீர் இறங்கும் வரை காத்திருந்து, சிறிது சிறிதாக இறைக்க வேண்டும். பிறகு பிளீச்சிங் பவுடர். கிணற்று விட்டத்தை மீட்டரில் அளந்து, விட்டம் × விட்டம் × நீர் ஆழம் × 3.14 ÷ 4 என்று பெருக்கி, 1,000-ஆல் பெருக்கினால் லிட்டர் வரும். 3 மீட்டர் விட்டம், 4 மீட்டர் நீர் என்றால் 28,000 லிட்டருக்குச் சற்று மேல். சாதாரண நாளில் 1,000 லிட்டருக்கு நல்ல பவுடர் 2.5 கிராம் என்பது அளவு. ஆக சுமார் 70 கிராம். வெள்ள நீருக்கு இது தொடக்கம்தான்.

பவுடரை அப்படியே கொட்டக்கூடாது. ஒரு வாளிக்கு 100 கிராமுக்கு மேல் போகாமல், கொஞ்சம் நீர் விட்டுக் குழைத்து, முக்கால் வாளி நீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேல்தெளிவை மட்டும் வேறு வாளிக்கு மாற்றி, கயிற்றில் இறக்கி, நீருக்குள் மேலும் கீழும் இழுத்துக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.5 மி.கி. குளோரின் மிச்சம் நிற்க வேண்டும்; ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டி இயக்குபவரிடம் சோதிக்கும் கருவி இருக்கும். மிச்சம் நிற்காவிட்டால் இன்னொரு முறை. சென்ற வருடம் பிரித்த பவுடர் பாக்கெட்டை நம்ப வேண்டாம், காற்றுப் பட்டால் வீரியம் போய்விடும்.

சாப்பாட்டுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவல் 2 கிலோ, பொரிகடலை 1 கிலோ, கடலைமிட்டாய், கருப்பட்டி என்று அடுப்பு வேண்டாத எதுவும் ஆகும். ஈரக்காற்றில் கருப்பட்டி கசியும், அதனால் இறுக்கமான டப்பாவில் போடுங்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஆறு. சில்லறை நோட்டாக 5,000 ரூபாய்.

மருந்தில் கவனம் வேண்டும். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் எப்போதும் இரண்டு வாரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் குப்பி, மிகுந்த வெப்பம் படாமல் இருந்தால் பெரும்பாலும் நான்கு வாரம் வெளியே தாங்கும்; பெட்டிக்குள் இருக்கும் தாளில் சரியான நாள்கணக்கு உண்டு. திறக்காத குப்பிகளை, மின்சாரம் போன ஃபிரிட்ஜில் விடுவதைவிட ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் சிறு பானை வைத்து அதில் வைக்கலாம். ஃப்ரீசரில் உறைந்துபோன இன்சுலினைப் பிறகு போடக்கூடாது. டயாலிசிஸ் செய்பவர், மாதம் நிறைந்த கர்ப்பிணி ஆகியோரை ஆரஞ்சு வந்த நாளிலேயே மருத்துவமனை இருக்கும் ஊருக்கு மாற்றிவிட வேண்டும். அவர்களுக்குச் சிவப்புவரை காத்திருக்க நேரமில்லை. வெள்ளத்துக்குப் பின் பாம்பு வீட்டுக்குள் உயரமான காய்ந்த இடம் தேடும். பரண், விறகுக்கட்டு, மடித்த பாய் எதிலும் கம்பால் தட்டாமல் கை வைக்கக்கூடாது. கடித்தால் கட்டுப்போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம், அசையாமல் அரசு மருத்துவமனைக்கு. எலிக்காய்ச்சலை மும்பைவாசிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. தேங்கிய நீரில் நடந்தவர் மூன்று நாளுக்குள் மருத்துவரைப் பார்த்துத் தடுப்பு மாத்திரை கேட்கும் இங்குள்ள பழக்கத்தை ஊரிலும் சொல்லி வையுங்கள்.

தொடர்பு விஷயத்தில் மும்பையிலிருக்கும் பிள்ளையின் வேலை ஒன்றே ஒன்று: செய்தி வந்து சேரும் இடமாக இருப்பது. ஊரில் உள்ள உறவுகள் எல்லாரும் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தால் இருக்கிற சிக்னலும் அடைபடும். மும்பையில் ஒரு எண்ணுக்கு மட்டும் எல்லாரும் எஸ்.எம்.எஸ். அனுப்புவது என்று முடிவு செய்யுங்கள். பேச்சு போகாத சிக்னலிலும் எஸ்.எம்.எஸ். போகும். "4 பேர், மாடியில், தண்ணீர் இடுப்பளவு, மருந்து இருக்கு, காலை 7.30" என்ற அளவு போதும். நேரம் எழுதாத செய்தியால் பயனில்லை. மீட்புக்குப் போகிறவருக்கு அது இப்போதையதா நேற்றையதா என்று தெரியாது. வீட்டு வாசலில் நின்று கைபேசி வரைபடத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இப்போதே எடுத்து மும்பையில் எழுதி வையுங்கள். "கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது வீடு" என்பது கோயிலே தண்ணீரில் நிற்கும்போது உதவாது. மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077. மும்பைக் கைபேசியில் வெறும் 1077 என்று அழுத்தினால் அது தூத்துக்குடி ஆட்சியர் அலுவலகத்தில் ஒலிக்கும் என்று எதிர்பார்க்கக்கூடாது. தூத்துக்குடிக்கு 0461, திருநெல்வேலிக்கு 0462 சேர்க்க வேண்டும். ஒரு நல்ல நாளில் அடித்துப் பார்த்து, கிடைக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். கூடவே ஆட்சியர் அலுவலகத்தின் சாதாரணத் தொலைபேசி எண்ணும் கையில் இருக்கட்டும். பேரிடர் எச்சரிக்கை தரும் டி.என். அலர்ட், சசேத் (SACHET) இரண்டு செயலியையும் பெற்றோர் கைபேசியில் போட்டு, மொழியைத் தமிழுக்கு மாற்றிக் கொடுங்கள்.

ஓடும் தண்ணீரில் யாரும் இறங்கக்கூடாது என்பதை அப்பாக்களிடம் சொல்வது கடினம், "இந்த ஓடை எனக்குத் தெரியாதா" என்பார்கள். வேகமாக ஓடும் நீர் அரை அடி இருந்தாலே ஆளைச் சாய்க்கும். ஓர் அடியில் சின்னக் கார் மிதக்கத் தொடங்கும். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடும்போது பாலம் அடியில் இருக்கிறதா என்பதே மேலிருந்து தெரியாது.

மாடு, ஆடுகளை அவிழ்த்துவிட வேண்டும். கட்டிய கயிற்றோடு செத்தவையே அதிகம். கறவை மாட்டுக்கு 37,500 ரூபாயும் ஆட்டுக்கு 4,000 ரூபாயும் நிவாரணம் 2023-இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் கால்நடை மருத்துவரின் சான்று இல்லாமல் புதைத்துவிட்டால் கேட்க வழியில்லை. சான்று வாங்கி, காதில் மாட்டிய அடையாள வில்லை தெரியும்படி படமும் எடுத்த பிறகே புதையுங்கள். அந்த வருடம் கடுமையாகப் பாதித்த வட்டங்களில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் ரேஷன் கடை வழியாகத்தான் வந்தது. அதனால் ஆதாரோடு ரேஷன் கார்டையும் டிஜிலாக்கரிலும் மும்பையிலும் படியாக வைத்திருப்பது நல்லது. பட்டாவை இணையத்தில் எப்போதும் எடுக்கலாம். மூலப்பத்திரம் நனைந்தால் வெயிலில் காயப்போடாதீர்கள், ஏடு முறுகி ஒட்டும். இடையிடையே வெள்ளைத்தாள் வைத்து நிழலில் உலர்த்த வேண்டும்.

கடைசியாக, மும்பைப் பணத்தில் கட்டிப் பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பற்றி. ஓட்டு வீடுகள் நிறைந்த தெருவில் மொட்டை மாடி உள்ள கான்கிரீட் வீடு இரண்டோ மூன்றோ இருக்கும். அவற்றில் ஒன்று பெரும்பாலும் தாராவியிலோ செம்பூரிலோ இருப்பவருடையது. வருடத்தில் பதினைந்து நாள் மட்டும் திறக்கும். தெரு முழுவதும் ஏறித் தப்பிக்கக்கூடிய உயரம் அதுதான், அதன் படிக்கட்டுக் கதவுச் சாவி மும்பையில் பீரோவுக்குள் இருக்கிறது. ஹெலிகாப்டரிலிருந்து உணவுப் பொட்டலம் போடுவதும் இப்படிப்பட்ட மாடிகளில்தான். மாடியில் கிடக்கும் தகரம், ஓலை, உடைந்த நாற்காலி எல்லாவற்றையும் அகற்றிவிடுங்கள். ஹெலிகாப்டர் தாழ வந்தால் அதன் காற்றில் இவை பறந்து ஆளை வெட்டும். மாடிக்குத் தண்ணீர்க் குழாய் ஒன்றும், படிக்கட்டுக்குத் தெருப்பக்கம் வாசலும் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுச் சாவியைக் கொடுக்க மனம் வராவிட்டால் படிக்கட்டுக் கதவுக்கு மட்டும் தனிப்பூட்டு போட்டு, ஒரு சாவியைப் பக்கத்து வீட்டு அத்தையிடமும் இன்னொன்றை ஊராட்சி அலுவலகத்திலும் கொடுத்துவிட்டு வண்டி ஏறுங்கள்.

இப்படிக்கு,
பாசனப் பொறியியல் பணியில் இருந்து ஓய்வு பெற்ற இருவர்,
செம்பூர், மும்பை